அரசிதழை நம்பி நிற்கும் காடு

கிள்ளானில் புகைமூட்டம் கவிந்தால் உடனே சுமத்ராவைக் கைகாட்டுகிறோம். ஜொகான் செத்தியா பக்கம் குடியிருப்பவர்களுக்கு வேறொன்றும் தெரியும்: சில நாள்களில் அந்தப் புகை வீட்டுக்குப் பின்னாலிருந்தே வருகிறது. மக்காத இலைதழை ஆண்டாண்டாய்ப் படிந்த சதுப்பு மண் அது. மலாயில் காம்புட் என்பார்கள். வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால் மண்ணே விறகாகிவிடும். மேலே தீ தெரியாது. அடியில் கனன்றுகொண்டே போகும், திடீரென ஒரு மரம் வேரோடு சாயும்.

அந்த நீரைத் தேக்கி வைத்திருப்பவற்றுள் ஒன்று வட கோல லங்காட் காப்புக்காடு. தே ஓ நிறத் தண்ணீர், அதில் சிவப்புச் சண்டை மீன், கரைமேல் சூரியக் கரடி. 1927இல் காப்புக்காடாக அரசிதழில் ஏறியபோது இதன் பரப்பு 7,200 ஹெக்டேருக்கு மேல். 2020இல் எஞ்சியது 957 ஹெக்டேர். அதிலும் சுமார் 931 ஹெக்டேரை நீக்கப்போவதாக அந்த ஆண்டு பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது.

காப்புக்காடு என்ற ஏற்பாட்டின் பலம் அப்போது தெரிந்தது. அரசிதழில் இருந்ததால்தான் அறிவிப்பு கொடுக்க வேண்டியிருந்தது. ஆட்சேபம் கேட்க வேண்டியிருந்தது. 40,000க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. சிலாங்கூர் சட்டமன்றமும் காட்டைக் காக்கச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றியது. இவ்வளவுக்குப் பிறகும் 2021 மே மாதம் 536.7 ஹெக்டேர் காப்புக்காட்டுப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. ஆகஸ்டு இறுதியில்தான் அது வெளியே தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பவே செப்டம்பர் 8ஆம் தேதி மாநில அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. ஒரு கையெழுத்தில் காடாவதும் இன்னொரு கையெழுத்தில் மனையாவதும் பாதுகாப்பு ஆகாது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்தக் காட்டை ஒட்டித் தெமுவான் பூர்வக்குடியினர் வாழ்கிறார்கள். பெத்தாய், பிரம்பு, மூலிகை, மீன் என்று அவர்கள் வீட்டுச் செலவில் ஒரு பகுதியைக் காடு ஏற்கிறது. அவர்களுள் புசுட் பாரு கிராம மக்கள் கேஎல்ஐஏ விமான நிலையத்துக்காக ஏற்கெனவே ஒருமுறை பெயர்க்கப்பட்டவர்கள். காப்புக்காட்டுச் சட்டத்தின் கண்ணில் இவர்கள் நிலத்துக்கு உரியவர்கள் அல்லர்; அனுமதியோடு நுழைபவர்கள். ஆனால் தெமுவான் மக்கள் தொடுத்த சாகோங் தாசி வழக்கில் 2002இல் உயர்நீதிமன்றமும், 2005இல் நீதிபதி கோபால் ஸ்ரீராமின் தீர்ப்பு வழியே மேல்முறையீட்டு நீதிமன்றமும் மரபு நிலத்தை அவர்களின் உடைமை என்றே ஏற்றன. தீர்ப்பு சொன்னதை அரசிதழ் இன்னும் எழுதவில்லை.

தமிழர்களுக்கு இந்த வலி புதிதல்ல. புத்ராஜெயா எழுந்தபோது பிராங் பெசார் தோட்டத்தாரை டெங்கில் அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பால் மரம் சீவிய மண்ணில் அவர்கள் பெயரில் ஒரு கிராண்ட் கூட இல்லை.

ஊர்க்காரர் கையில் கொடுத்துவிட்டால் காடு தானாகப் பிழைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஜொகான் செத்தியாவில் மண்ணை வடித்து எரிப்பதும் பிழைப்புக்காகத்தான். காய்கறிப் பாத்தியும் செம்பனையும் அந்தச் சதுப்பைக் காயவைக்கின்றன. ஆனால் வட சிலாங்கூரின் ராஜா மூசா காப்புக்காட்டில் 2008 முதல் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் ஊர் மக்களோடு சேர்ந்து வாய்க்கால்களை அடைத்து, மரம் நட்டு, மண்ணை மறுபடி நனைய வைத்திருக்கிறார்கள். புகை முதலில் யார் மூக்கில் ஏறுகிறதோ அவர்களே முதலில் ஓடி வருகிறார்கள்.

ஆகவே தெமுவான் மக்களின் மரபு நிலமும் காப்புக்காட்டோடு சேர்ந்தே அரசிதழில் ஏற வேண்டும். வாய்க்கால் அடைக்கும் வேலைக்கு அவர்களுக்குக் கூலியும் வேண்டும், காட்டைப் பற்றிய முடிவில் வாக்கும் வேண்டும். 2020 அறிவிப்பு ஆட்சேபத்துக்குக் கொடுத்தது முப்பது நாள். அப்படி இன்னோர் அறிவிப்பு நாளிதழின் மூலையில் வந்தால், பிரிக்பீல்ட்ஸில் இருந்தாலும் கிள்ளானில் இருந்தாலும், அந்த முப்பது நாளுக்குள் ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள்.