வாணிக ஆய்வும் பருவநிலை மாற்றமும்

பருவநிலை மாற்றத்தைப் பற்றி மேலாண்மைத் துறையினர் எழுதியவை கடந்த முப்பது ஆண்டுகளிற் பெருகியுள்ளன. அவற்றுட் பல ஒரே நம்பிக்கையின்மேல் எழுந்தவை. செவ்வனே வகுத்த சுற்றுச்சூழற் சட்டம் நிறுவனங்களைப் புதுமை காணத் தூண்டும். அப்புதுமை சட்டத்தால் விளையும் செலவை ஈடுசெய்யவும் கூடும் என்று 1995-ஆம் ஆண்டில் மைக்கேல் போர்ட்டரும் கிளாஸ் வான் டெர் லிண்டேயும் வாதிட்டனர். பின்வந்தோர் பலர் சட்டத்தை மெல்ல நழுவவிட்டு ஆதாயத்தை மட்டும் பற்றிக்கொண்டனர். தூய்மையும் இலாபமும் தாமாகவே கைகோத்து நடக்கும் என்பது அன்னாரின் துணிபு.

இத்துணிபை நேர்நின்று சோதித்தது, கிறிஸ்டோபர் ரைட், டேனியல் நைபெர்க் ஆகிய இருவரும் 2017-இல் 'அக்கடமி ஆப் மேனேஜ்மென்ட் ஜர்னல்' என்னும் இதழில் வெளியிட்ட கட்டுரை. ஆஸ்திரேலியாவின் பெருநிறுவனங்கள் ஐந்தை 2005 முதல் 2015 வரை ஆராய்ந்து எழுதியது அது. ஓராண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்துத் தீர்ப்பு வழங்கும் கட்டுரைகளுக்கிடையே இப்பொறுமை பாராட்டத்தக்கது.

நிறுவனங்கள் பருவநிலை மாற்றத்தை 'மொழிபெயர்க்கின்றன' என்பது கட்டுரையாளர் ஆளும் சொல். முதலில், உலகப் பேரிடரை 'இடர்', 'வாய்ப்பு' என்னும் வாணிகச் சொற்களுக்குள் அடக்குகின்றன. அடுத்து, அதனைத் தம் அலுவலக நடைமுறைகளாகவும் அளவைகளாகவும் திட்டங்களாகவும் ஆக்கிக்கொள்கின்றன. இறுதியில், 'இதனால் ஆதாயம் என்ன?' என்ற வினா வலுக்கவே, யாவும் பழைய வழக்கத்துக்குத் திரும்புகின்றன. மொழிபெயர்ப்பில் மூலத்தின் உயிர் கெடுவதுண்டு என்பதைத் தமிழாசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இங்கோ, பெயர்ப்பவர்க்கு மூலத்தைக் காப்பதில் நாட்டமும் குறைவு.

ஆயினும் இக்கட்டுரையில் ஓர் இடைவெளி உண்டு. ஆஸ்திரேலியாவில் கரிமத்துக்கு விலை விதித்த சட்டம் 2012 சூலையில் நடைமுறைக்கு வந்தது. 2014 சூலையில் நீக்கப்பட்டது. ஆராயப்பட்ட பத்தாண்டுக்குள் இவ்விரண்டும் நிகழ்ந்தன. அவ்வாறாயின், முயற்சிகள் தேய்ந்தது வாணிகத்தின் இயல்பாலா, சட்டம் வந்து போனதாலா? அரசியற் சூழலைக் கட்டுரையாளர் அறியாதவர் அல்லர். எனினும், ஐந்து நிறுவனங்களும் ஒரே நாட்டினவாதலின், அவற்றை மட்டும் கொண்டு இவ்விரு காரணங்களையும் பிரித்தறிய இயலாது. சந்தையை மட்டும் நம்புதல் போதாது என்னும் அவர்தம் முடிவு ஏற்கத்தக்கதே. சான்றுதான் அம்முடிவின் பாரத்தை முழுதும் தாங்கவில்லை. மேலும், நேர்காணல்களும் நிறுவன ஆவணங்களும் சொல்லின் போக்கைத் தெளிவாகக் காட்டும். புகைபோக்கியின் போக்கைக் காட்டா.

இவ்விடைவெளியை நிரப்புதற்குரிய களம் தொலைவில் இல்லை. சிங்கப்பூர் 2019-இல் டன் ஒன்றுக்கு 5 வெள்ளி என்று கரிம வரியைத் தொடங்கியது. அது 2024-இல் 25 வெள்ளியாகவும் 2026-இல் 45 வெள்ளியாகவும் உயர்ந்தது. 2030-க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை உயர்த்துவது அரசின் நோக்கம். வெளிநாட்டுப் போட்டிக்கு ஆளாகும் தொழில்களுக்குச் சலுகையும் உண்டு. ஆகவே ஒரே ஊரில், ஏறிவரும் விலையை முழுதும் சுமக்கும் நிறுவனத்தையும் சலுகை பெறும் நிறுவனத்தையும் அருகருகே வைத்துப் பத்தாண்டு நோக்கலாம். ரைட்டும் நைபெர்க்கும் கண்ட அந்த மூன்றாம் நிலை இரண்டிலும் ஒருங்கே தோன்றுகிறதா, ஒன்றில் மட்டுமா என்பதே ஆராய்தற்குரியது.