குர்சுராவுக்குள் போய்ப் பாருங்கள்!

விசாகப்பட்டினம் கடற்கரை மணலில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஐ.என்.எஸ். குர்சுராவைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால், வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள். உங்களிடமாவது சொல்லித் தீர்த்துக்கொள்கிறேன்.

அது அசல் நீர்மூழ்கிக் கப்பல். மாதிரியும் இல்லை, சினிமா செட்டும் இல்லை. 1969 டிசம்பரில் சோவியத் ஒன்றியத்தின் ரீகா துறைமுகத்தில் நம் கடற்படையில் சேர்ந்தது. 1971 போரில் ரோந்து போனது. 31 ஆண்டு உழைத்துவிட்டு 2001-ல் ஓய்வு பெற்றது. 91 மீட்டர் நீள இரும்பு உடம்பை அப்படியே கரைக்கு இழுத்து வந்து, 2002-ல் அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். இப்படி ஒரு காரியம் செய்த ஊருக்கு நான் என்றைக்கும் ரசிகன்.

உள்ளே ஏழு அறைகள். ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குப் போக வட்டமான ஓட்டைதான் வாசல். குனிந்து, காலை முதலில் விட்டு, தலையைப் பிறகு நுழைக்க வேண்டும். சுவர் என்று ஒன்று கண்ணுக்கே தெரியாது. குழாய், வால்வு, சக்கரம், அளவுமானி, மறுபடியும் குழாய். இதற்குள் 75 பேர் வாரக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார்கள். ரயிலின் அப்பர் பெர்த்தே அரண்மனை என்று தோன்ற வைக்கும் படுக்கைகள், அதுவும் டார்பிடோக்களுக்குப் பக்கத்திலேயே! ஓய்வுபெற்ற கடற்படைக்காரர்கள்தான் சுற்றிக் காட்டுகிறார்கள். “தலை பத்திரம் சார்” என்று எனக்கு வழிகாட்டியவர் சொல்லி முடிப்பதற்குள் இடித்துக்கொண்டேன். வலிக்கவே இல்லை, அவ்வளவு பரவசம்.

முன்பக்கம் ஆறு, பின்பக்கம் நான்கு என்று பத்து டார்பிடோ குழாய்கள். ஒவ்வொன்றும் 533 மில்லிமீட்டர் விட்டம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் மொத்தக் காதலும் இதில்தான் இருக்கிறது.

குர்சுராவின் மூத்த அண்ணன் கல்வரி. 1967 டிசம்பர் 8-ல் சேர்ந்த நம் முதல் நீர்மூழ்கி. ஒரு வகைச் சுறாவின் பெயர் அதற்கு. அந்தக் கப்பல் போய்ச் சேர்ந்து பல வருடங்களுக்குப் பிறகு, 2017 டிசம்பரில் மும்பை மஸகான் கப்பல்கட்டும் தளத்திலிருந்து இன்னொரு கல்வரி வந்தது. பிரெஞ்சு வடிவமைப்பு, 67 மீட்டர்தான் நீளம், ஆட்களும் நாற்பதைச் சொச்சம்தான். குழாயின் விட்டம்? அதே 533! ஆனால் அதன் வழியாக டார்பிடோவும் போகும், எக்ஸோசே ஏவுகணையும் போகும். ஏவுகணை ஓர் உறைக்குள் அடைந்தபடி நீரைப் பிளந்து மேலே வந்து, உறையை உதறிவிட்டு, அலையை ஒட்டிப் பறந்து போய்த் தாக்குகிறது. அரை நூற்றாண்டில் துளை மாறவில்லை, துளையிலிருந்து வருவது மாறிவிட்டது. இதைவிட ருசியான சங்கதி உண்டா?

பெயர்கள் இப்படி மறுபடி மறுபடி பிறப்பதுதான் என்னைப் பைத்தியமாக்கியது. நம் கடற்படையில் பெயர் வைக்க ஒரு குழுவே இருக்கிறது. டெஸ்ட்ராயர் வகைக்குப் பெரும்பாலும் நகரங்கள். ஃபிரிகேட்டுக்கு மலை, ஆறு, ஆயுதம். நீர்மூழ்கிக்கு வேட்டையாடும் மீன்களும் கடல் சார்ந்த சொற்களும். கரையில் இருக்கும் விமானத் தளங்களுக்குப் பறவைகள்: அரக்கோணத்தில் ராஜாளி, உச்சிப்புளியில் பருந்து. குர்சுராவுக்கு எதிர்ச்சாரியில் நிற்கும் பிரமாண்டமான டியூ-142 விமானம் அரக்கோணத்திலிருந்து பறந்ததுதான். அதைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

நம் நீலகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். மஸகானில் கட்டி, 1972-ல் கடற்படையில் சேர்ந்த ஃபிரிகேட். முன்னால் 4.5 அங்குல இரட்டைப் பீரங்கி, விமானங்களை விரட்டச் சிறிய சீகேட் ஏவுகணை, நீர்மூழ்கிகள் மேல் குண்டு வீச மார்ட்டர். 1996-ல் ஓய்வு. பிறகு ஏவுகணைப் பயிற்சிக்கே இலக்காகிக் கடலுக்குள் போனது. 2025 ஜனவரி 15-ல் அதே பெயரில் புது நீலகிரி வந்தது. 8 பிரமோஸ் ஏவுகணை, ஒவ்வொன்றும் ஒலியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகம். விமானங்களை விரட்ட 32 பராக்-8 ஏவுகணை. எல்லாம் மேல்தளத்துக்குக் கீழே செங்குத்தாக ஒளிந்திருக்கும். வெளியே தெரிவது வெறும் மூடிகள். ரேடாருக்குச் சிக்காமல் இருக்கச் சாய்ந்த, வழவழப்பான பக்கங்கள். பலத்துக்குப் புதியது, படம் எடுக்கப் பழையதுதான் அழகு. இரட்டைப் பீரங்கி துருத்திக்கொண்டு நிற்காத போர்க்கப்பலை என் கண் இன்னும் முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. 2016-ல் சேர்ந்த ஐ.என்.எஸ். சென்னைக்கு மட்டும் விதிவிலக்கு. 16 பிரமோஸ், மேலே என் ஊர்ப் பெயர் வேறு. அதற்கு எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்.

குக்ரி என்ற போர்க்கப்பலின் கதை வேறு மாதிரி. 1971 டிசம்பர் 9 இரவு தியூவுக்கு அப்பால் பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலைவிட்டு இறங்கவில்லை. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டுபோனார்கள். ராசியில்லாத பெயர் என்று ஒதுக்காமல், 1989-ல் ஏவுகணைகளோடு வந்த புதுக் கப்பலுக்கு அதே பெயரை வைத்தார்கள். அது 32 ஆண்டு கடலில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றது. எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு அது.

கப்பலே இல்லாத ஐ.என்.எஸ்.ஸும் உண்டு. திருநெல்வேலி விஜயநாராயணத்தில் இருக்கும் கட்டபொம்மன் தளம், மிகத் தாழ் அதிர்வெண் அலைகள் மூலம் நீருக்கடியில் உள்ள நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. சாதாரண வானொலி அலை கடல்நீரில் நுழையாது, இது ஓரளவு ஆழம் வரை நுழையும். கடலுக்கடியில் கிடப்பவனுக்குக் கட்டபொம்மன் குரல் கொடுக்கிறார் என்று நினைத்தாலே மயிர்க்கூச்செறிகிறது!

கல்வரி, கந்தேரி, கரஞ்ச், வேலா, வாகிர், வாக்‌ஷீர் என்று ஆறு பழைய நீர்மூழ்கிப் பெயர்கள் திரும்பி வந்துவிட்டன. குர்சுராவும் வாக்லியும் இன்னும் பாக்கி. 2010-ல் ஓய்வுபெற்ற வாக்லியை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக வைக்க ஒரு திட்டம் இருந்தது; நடக்கவில்லை. அடுத்து ஓய்வு பெறும் நீர்மூழ்கி ஒன்றையாவது தமிழ்நாடு விடாமல் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறுங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், குர்சுராவுக்கு விடுமுறை.