முதல் தட்டு ‘லெஜண்ட்’ அல்ல

பாப் மார்லியின் வாழ்க்கையைச் சொல்லும் ‘ஒன் லவ்’ படம் 2024 பிப்ரவரியில் வெளிவந்த பிறகு, ரெகே கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொல்கிறார்கள்: ‘லெஜண்ட்’ தொகுப்பில் ஆரம்பியுங்கள். இசைத்தட்டு சேர்ப்பது மறுபடி மோஸ்தராகியிருக்கிறது. புதிதாக டர்ன்டேபிள் வாங்குகிறவர்களின் அலமாரியில் அந்தத் தொகுப்புதான் முதலில் வந்து உட்காருகிறது. திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில், வெளிநாட்டார் கூடும் மாதங்களில் காபிக் கடைகளிலிருந்து காதில் விழுவதும் பெரும்பாலும் அதன் பாடல்கள்தாம். இதில் என்ன தவறு என்று கேட்பவர்கள் ஊருக்கு ஏற்ற வாதம் ஒன்றையும் கையில் வைத்திருக்கிறார்கள். அண்ணாமலையார் கோயிலுக்கு நான்கு திசையிலும் கோபுரம் உண்டு. ராஜகோபுரம் வழியாக வந்தால் என்ன, பேய்க் கோபுரம் வழியாக வந்தால் என்ன, போய்ச் சேரும் சந்நிதி ஒன்றுதானே?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரெகே விஷயத்தில் இந்த வாதம் செல்லாது. ‘லெஜண்ட்’ வழியாக நுழைந்தவர்களில் பெரும்பாலோர் உள்ளே போவதே இல்லை. நுழைந்த இடத்திலேயே எல்லாம் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகிறார்கள். அது அவர்களுடைய குற்றமல்ல. அந்தத் தொகுப்பு அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

அதன் பெருமையை மறுப்பதற்கில்லை. மார்லி இறந்து மூன்றாண்டு கழித்து, 1984 மே மாதம் வந்த தொகுப்பு. பதினான்கு பாட்டு, சோடை ஒன்றுகூட இல்லை. உலகெங்கும் 2.5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 800 வாரங்களுக்கு மேல் இருந்தது. ஜமைக்கா எங்கே இருக்கிறது என்றே தெரியாத கோடிக்கணக்கானவர்களுக்கு அந்தத் தீவின் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இவ்வளவும் உண்மை.

அதன்மேல் வழக்கமாகச் சொல்லப்படும் குறையும் உண்மைதான். தொகுத்தவர் ஐலண்ட் நிறுவனத்தை அப்போது நடத்திய டேவ் ராபின்சன். வெள்ளையர் சந்தையை மனத்தில் வைத்து, அரசியல் சூடு கூடிய பாடல்களை ஒதுக்கியே தேர்ந்தெடுத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ‘வார்’ இல்லை, ‘கான்கிரீட் ஜங்கிள்’ இல்லை, 1980-இல் சிம்பாப்வே விடுதலை பெற்ற இரவில் அந்த மண்ணில் நின்று மார்லி பாடிய ‘சிம்பாப்வே’ இல்லை. ஆனாலும் ‘கெட் அப் ஸ்டேண்ட் அப்’ இருக்கிறது, ‘ரிடெம்ப்ஷன் சாங்’ இருக்கிறது. அரசியலே இல்லாத தொகுப்பு என்று அதைச் சொல்லிவிட முடியாது.

என் ஆட்சேபம் வேறு. அது பல காலமாக இருப்பது. இந்த மோஸ்தரால் கூர்மையாகியிருக்கிறது. ரெகே என்பது பாடகரின் கலை, பாடகரின் முகத்தைப் பார்த்துச் சேர்க்க வேண்டியது என்று ‘லெஜண்ட்’ புதியவரைப் பழக்கிவிடுகிறது. ரெகேவின் அஸ்திவாரம் பாடகர் அல்லர். ஜமைக்காக்காரர்கள் ‘ரிடிம்’ என்று சொல்லும் இசைத்தளம்தான் அஸ்திவாரம். டிரம்ஸும் பேஸ் கிடார் வரியும் சேர்ந்து நிற்கும் அந்தத் தளத்தை ஒருமுறை செய்துவிட்டால், அதன்மேல் பத்துப் பேர், ஐம்பது பேர், நூறு பேர் வெவ்வேறு பாட்டுப் பாடுவார்கள். ஒரு தளத்துக்கு இருபது முப்பது வருடம்கூட ஆயுள் உண்டு.

தமிழ் வாசகருக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. கோயில் வாசல் கடைகளில் பக்திப் பாட்டுப் புத்தகம் தொங்குமே, நாலைந்து தாளை மடித்துப் பின் அடித்த மெல்லிய புத்தகம், அதைப் பிரித்துப் பார்த்தால் போதும். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இன்ன சினிமாப் பாட்டு மெட்டு என்று அச்சாகியிருக்கும். ராகமும் இல்லை, ஸ்வரமும் இல்லை; அந்த ஒரு வரி இருந்தால் கூட்டம் முழுக்கப் பாடிவிடும். அதே மெட்டில் முருகனும் வருவார், ஐயப்பனும் வருவார். தேர்தல் வந்தால் வேட்பாளரும் வருவார். அதைத் திருட்டு என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. மெட்டு ஊர்ச் சொத்து. அதன்மேல் யார் என்ன கட்டுகிறார்கள் என்பதுதான் கவனிப்பு. ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனிலும் இதே நியாயம்தான்.

ஓர் உதாரணத்தை உற்றுக் கேட்போம். 1973-இல் வின்ஸ்டன் ரைலி தயாரிப்பில் ஆன்செல் காலின்ஸ் வாசித்த ‘ஸ்டாலாக் 17’, குரலே இல்லாத வாத்திய இசை. 1982-இல் சிஸ்டர் நான்சி அதன்மேல் ‘பம் பம்’ பாடினார். 1985-இல் டெனர் சா அதே தளத்தில் ‘ரிங் தி அலார்ம்’ பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். கீழே ஓடுவது அதே பேஸ், அதே நடை. நான்சி பேச்சும் பாட்டுமாகத் தாளத்தின் இடைவெளிகளில் புகுந்து விளையாடுகிறார். டெனர் சா குரலை இழுத்து, அழுகைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். ஒரே தரையில் இருவர் எழுப்பிய இரண்டு வீடுகள். அந்த வித்தியாசம் காதில் விழும் நொடியில் ரெகே பிடிபட்டுவிடுகிறது. ‘லெஜண்ட்’ தொகுப்பின் பதினான்கு பாட்டையும் நூறு முறை கேட்டாலும் இந்த அனுபவம் கிடைக்காது. அங்கே ஒவ்வொரு பாட்டும் தனித்தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறது.

ரிடிம் முறையிலும் களங்கம் உண்டு. ‘பம் பம்’ உலகம் சுற்றிய பல பத்தாண்டுகள் நான்சிக்கு ராயல்டி வரவில்லை. தளம் பொதுவாக இருந்தது; வரும்படி பொதுவாக இல்லை. ஆனால் இந்த அநியாயத்தைத் தெரிந்துகொள்வதற்கும் ரிடிமைத்தான் பின்தொடர வேண்டும்.

மார்லியும் இந்த மண்ணில் முளைத்தவர்தாம். 1964-இல் தயாரிப்பாளர் காக்சன் டாட்டின் ஸ்டுடியோ ஒன்னில் ‘சிம்மர் டவுன்’ பாடித்தான் அவருடைய வெய்லர்ஸ் குழு பேர் வாங்கியது. 1970-71-இல் தயாரிப்பாளர் லீ பெரியோடு சேர்ந்து அவர்கள் செய்த பதிவுகள் ரெகேவின் உச்சங்களில் சேர்த்தி. ‘லெஜண்ட்’ தொகுப்பில் இந்தக் காலத்தின் பதிவு ஒன்றுகூட இல்லை. எல்லாமே ஐலண்ட் நிறுவனத்துக்கு வந்த பின் செய்தவை. அதில் உள்ள ‘ஒன் லவ்’ 1977-இல் பதிவானது. அதே பாட்டை அவர்கள் 1965-இலேயே, ரெகேவுக்கு முந்தைய ஸ்கா நடையில் பாடியிருக்கிறார்கள். ஐலண்டில் வந்த முதல் தட்டு ‘கேட்ச் எ ஃபயர்’, 1973. ஜமைக்காவில் பதிவான நாடாக்கள் லண்டனுக்கு வந்ததும், ஐலண்டை நிறுவிய கிறிஸ் பிளாக்வெல் ராக் ரசிகர்களுக்காக அவற்றின்மேல் அமெரிக்கக் கிடாரும் கீபோர்டும் சேர்த்தார். சேர்ப்பதற்கு முந்தைய ஜமைக்கா வடிவம் 2001-இல் வெளியானது. இரண்டையும் ஒப்பிட்டால், அஸ்திவாரத்தை மறைத்து எவ்வளவு பூச்சு பூசியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

ரெகேவின் இடமும் அறைக்குள் இல்லை, தெருவில் இருக்கிறது. 1950களில் கிங்ஸ்டன் ஏழைகள் தட்டு வாங்கிக் கேட்கவில்லை. டியூக் ரீட், காக்சன் டாட் போன்றவர்கள் ஆள் உயரப் பெட்டிகளை முற்றத்தில் அடுக்கிப் போட்ட பாட்டுக்கு ஆடினார்கள். 1968-இல், அப்படிப் பாட்டுப் போடும் ரடி ரெட்வுட் என்பவருக்காகத் தட்டு வெட்டியபோது குரலைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். குரலற்ற அந்தத் தட்டு சுழன்றதும் கூட்டமே பாடியது. அதிலிருந்துதான் 45 தட்டின் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் குரல் நீக்கிய ‘வெர்ஷன்’ என்ற வழக்கம் பிறந்தது. எலெக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்த கிங் டப்பி அந்த வெர்ஷனைப் பிரித்துக் கோத்து ‘டப்’ என்ற கலையையே உண்டாக்கினார். யூ-ராய் அதன்மேல் பேசிப் பேசி 1970-இல் நாட்டையே ஆட்டிவைத்தார். திருவிழாவுக்கு சவுண்டு சர்வீஸ்காரர் பெட்டி இறக்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத உலகமா? பேஸ் நெஞ்சில் வந்து இடிக்க வேண்டிய இசை இது. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது. கேட்காதபோது மிஞ்சுவது குரல் மட்டும். குரல் மட்டும் மிஞ்சினாலும் ‘லெஜண்ட்’ இனிமையாகத்தான் இருக்கும். அதுதான் ஆபத்து.

முகத்தைப் பிடித்துக்கொண்டு சேர்க்கிறவர் மார்லியின் மற்ற தட்டுகளுக்குப் போவார். அங்கிருந்து அவருடைய குழுத் தோழர்கள் பீட்டர் டாஷ், பன்னி வெய்லர். அதோடு பாதை முடிந்துவிடும். தமிழர் இப்படி முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதே இல்லை. பாடியது எஸ்.பி.பி.யா ஜானகியா என்பதற்கு முன்னால் இது இளையராஜா பாட்டு என்று அடையாளம் சொல்கிறவர்கள் நாம். தாளில் பட்டியல் எழுதிக் கடையில் கொடுத்து, 60, 90 கேசட்டில் பாட்டுப் பாட்டாகப் பதிந்து வாங்கிய பழக்கமும் நமக்கு உண்டு. அந்தக் காதோடு போனால் காக்சன் டாட், லீ பெரி, கிங் டப்பி, பேஸ் வாசித்த லிராய் சிபிள்ஸ், ஸ்லை டன்பர்-ராபி ஷேக்ஸ்பியர் ஜோடி என்று பாதை விரிந்துகொண்டே போகும்.

முகத்தைச் சேர்ப்பதன் கடைசி விளைவைத் திருவண்ணாமலையில் கண்ணாலேயே பார்க்கலாம். சடாமுடியும் கஞ்சாப் புகையுமாக மார்லி இங்கே ஒரு சாமியாராகிவிட்டார். பனியனில் அச்சடித்த சாந்த சொரூபி. ஜமைக்காவுக்கும் இந்தியாவுக்கும் உறவு என்பது முழுக்கக் கற்பனை அல்ல. 1845 முதல் 1917 வரை ஏறக்குறைய 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்கா போனார்கள். ராஸ்தஃபாரி சமயத்தின் முதல் போதகர்களில் ஒருவரான லியனார்ட் ஹவல், 1935 வாக்கில் எழுதிய நூலை ‘கங்குங்குரு மராக்’ என்ற இந்தியச் சாயல் பெயரில்தான் வெளியிட்டார். ஆனால் அந்த உறவு தியானக் கூடத்தில் உண்டானதல்ல, கரும்புத் தோட்டத்தில் உண்டானது. ஃபிஜித் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி குமுறினானே, அதே வேதனையின் இன்னொரு கரை ஜமைக்கா. அந்த வியர்வையைத் துடைத்துவிட்டு, ரெகேவை மனஅமைதிக்கான பின்னணி இசையாக்குவதை ரசனை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ரிடிம் எல்லாம் புதியவருக்குக் கடினம் என்று சொல்வார்கள். 2003-இல் ஷான் பாலின் ‘கெட் பிஸி’க்கு ஆடாத கல்லூரி உண்டா? அது லெங்கி மார்ஸ்டன் செய்த ரிடிமின் மேல் நின்ற பாட்டு. அந்த ரிடிமின் பெயரே ‘திவாலி’. வெய்ன் வொண்டரின் ‘நோ லெட்டிங் கோ’வும் அதன்மேல்தான் நிற்கிறது. நம் பிள்ளைகள் ஒரே தளத்தில் இரண்டு பாட்டைக் கேட்டு ஆடியவர்கள்தாம். அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவே.

தொகுப்பு என்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. 1972-இல் வந்த ‘தி ஹார்டர் தே கம்’ படத்தின் இசைத்தட்டும் தொகுப்புதான். ஜிம்மி கிளிஃப், டூட்ஸ், டெஸ்மண்ட் டெக்கர், மெலோடியன்ஸ் என்று ஒரு ஊரே அதில் பாடுகிறது. பாட்டை 20 டாலருக்கு விற்க நேரும் பாடகனின் கதை அந்தப் படம். ரெகே எந்தக் கணக்கில் ஓடியது என்பதை மறைக்காத படம். தட்டு ஒன்று வாங்கித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றால் அதை வாங்கலாம்.

பணம் இல்லாமலும் ஆரம்பிக்கலாம். ‘ஸ்டாலாக்’கில் மூன்று பாட்டு. பிறகு, ஸ்டுடியோ ஒன்னில் 1960களின் கடைசியில் பிறந்த ‘ரியல் ராக்’ தளத்தில் மூன்று பாட்டு. வில்லி வில்லியம்ஸின் ‘அர்மகிடியன் டைம்’ அதில் ஒன்றாக இருக்கட்டும். பேஸ் ஒழுங்காக வரும் பெட்டியில், நாலு பேர் கூடிக் கேளுங்கள். மாறாமல் நிற்பது எது, மாறுவது எது என்று காதுக்குத் தெரியும்வரை கேளுங்கள். பிறகு ‘சிம்மர் டவுன்’. இந்த வரிசையில் வந்தவர் மார்லியின் முழு உயரத்தையும் அளந்துவிடுவார். தளத்தைக் கேட்கப் பழகிய காதுக்கு ‘லெஜண்ட்’ தேவைப்படாது. புதியவருக்கு அதை முதலில் எடுத்துக் கொடுக்கிறவர்கள் உதவி செய்வதாக நினைக்கிறார்கள். உண்மையில் அவர்கள் கொடுப்பது ஒரு மனிதரின் புகழை. ஒரு மக்களின் இசையை அல்ல.