பாடநூலில் ஒரு பறை

பள்ளித் தமிழ்ப் பாடநூலில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம், ஐந்திணைக் கருப்பொருள் அட்டவணை. தெய்வம், உணவு, மரம், பறவை என்ற வரிசையில் பறைக்கும் ஓர் இடம் உண்டு. குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணையும் மணமுழாவும், நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி. ஒரு நிலத்தை அறிய அதன் தாளத்தையும் அறிய வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்லித்தரும் பாடம் இது.

கம்பம் பள்ளத்தாக்கில் இதை வாசிக்கும் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். நிமிர்ந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. குனிந்தால் முல்லைப் பெரியாறு பாயும் நெல்வயல். குறிஞ்சியும் மருதமும் பள்ளி வாசலிலேயே இருக்கின்றன. கோடை விடுமுறையில் வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா வந்துவிடும். அங்கே அக்கினிச்சட்டிகளுக்கு முன்னால் மேளம் அதிரும்போது, மனப்பாடம் செய்த சொல் நெஞ்சுக்கூட்டில் ஒலிக்கும்.

பறையின் செய்நேர்த்தி அழகானது. வட்ட மரச்சட்டம், அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்த தோல். இடக்கையில் நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. அடிக்குமுன் தீயில் காய்ச்சினால் தோல் விறைத்து, நாதம் கணீரென்று எழும்.

பறையிசைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நெடுங்காலம் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட கருவிக்கும் அது பெருமை. அந்த அட்டவணையை நடத்தும் நாளில் வகுப்பறைக்குள் ஒரு பறை வரட்டும். ஒவ்வொரு பிள்ளையும் அடித்துப் பார்க்கட்டும்.