இயக்கத்தின் பாவமும் தனிமனிதனின் பங்கும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்து அறைக்குத் திரும்பும் இளைஞர்கள், கண்ணயர்வதற்கு முன் ஒரு மணி நேரமேனும் கணினித் திரையில் வேற்றுக் கிரகங்களில் சஞ்சரிப்பதை நான் அறிவேன். அறிவியல் புனைகதையைத் தழுவிய அவ்விளையாட்டுகள் பலவற்றில் தீவிரவாத இயக்கம் ஒன்று இடம்பெறுவதும், அதன் உறுப்பினரை எவ்வாறு மதிப்பது என்ற கேள்வி ஆடுகிறவனின் முடிவுக்கே விடப்படுவதும் உண்டு. ஈழத்து ஏதிலியர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முகாமில் வாழ்ந்துவரும் ஊர் இது. இங்கே அக்கேள்வியை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கனடாவின் பயோவேர் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட ‘மாஸ் எஃபெக்ட் 2’ என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். மனித இனத்தின் மேன்மைக்காக எக்கொடுமையும் தகும் என்று கருதும் செர்பரஸ் என்ற இரகசிய இயக்கம், முந்தைய பாகத்தில் பகையாய் நின்றது. இதிலோ மாண்டுபோன நாயகன் ஷெப்பர்டை உயிர்ப்பித்துத் தன் பணியில் அமர்த்துகிறது. அவ்வியக்கத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் குழந்தைப் பருவம் முழுவதும் சித்திரவதைக்குள்ளான ஜாக் என்னும் பெண்ணும், அவ்வியக்கத்தின் அதிகாரியான மிராண்டாவும் ஒரே கப்பலில் பயணம் செய்கிறார்கள். இயந்திர அறையிலோ, நாயகனின் நற்பெயரை அரசு களங்கப்படுத்திய வருத்தத்தினால் செர்பரஸில் சேர்ந்த ஒரு பொறியாளரும், அவரைப் பிரிய மனமின்றி உடன்வந்த மற்றொரு பொறியாளரும் வேலை பார்க்கிறார்கள். இயக்கம் கொடியது என்ற தீர்ப்பைச் சற்றும் தளர்த்தாமல், அதில் சேர்ந்தவர்கள் எதற்காகச் சேர்ந்தார்கள், எதை அறிந்திருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று தனித்தனியே விசாரிக்க வைப்பது இக்கலையின் பெருஞ்சிறப்பு. நாவல் வாசகன் வெளியே நின்று பார்க்கிறான். ஆடுகிறவனோ அவர்களுடன் பேசிப் பழகி, அவர்கள் தயவில் உயிர் வாழ்ந்து, அதன் பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டியவனாகிறான்.

ஆனால் 2012-இல் வந்த மூன்றாம் பாகத்தில் அந்த விசாரணை பெரும்பாலும் கைவிடப்படுகிறது. தலைக்கவசம் அணிந்த செர்பரஸ் வீரர்கள் அலையலையாக வந்து சுடப்பட்டு வீழ்கிறார்கள். அவர்கள் உடலில் அந்நிய சக்தியின் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது என்ற விளக்கம் வேறு தரப்படுகிறது. அது கதைக்குப் பொருந்தலாம். எனினும், கொல்வதன் சுமையை ஆடுகிறவனின் மனசாட்சியிலிருந்து இறக்கிவைக்கும் உபாயம் என்றே நான் கருதுகிறேன். இயக்கத்தை விட்டுக் குடும்பத்தோடு தப்பியோடும் விஞ்ஞானிகளைக் காக்கும் அத்தியாயம் ஒன்று இருப்பது ஆறுதல். முன்பு கூறிய பொறியாளர் இருவரும் கைதாகிச் சிறையிலிருக்க, நாயகன் தன் விசேஷ அதிகாரத்தால் ஒரு பொத்தானை அழுத்தி அவர்களுக்கு மன்னிப்பு வழங்குகிறான். நியாயமாகக் கிடைக்க வேண்டியது இங்கே ஒரு வீரனின் கருணையாகச் சுருங்கிவிடுகிறது. 2013-இன் ‘பயோஷாக் இன்ஃபினிட்’ இன்னும் மோசம். ஒடுக்கப்பட்டோரின் கலகத் தலைவி ஒரு சிறுவனைக் கொல்லத் துணிவதாகக் காட்டி, ஒடுக்கியவரையும் எதிர்த்தவரையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது.

இக்குறைகள் திரையோடு நின்றுவிடுவனவல்ல. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியையும், அவருடன் நின்ற காவலரையும் கட்சித் தொண்டரையும் கொன்ற செயல் மன்னிக்க முடியாதது; ஈழத்து இயக்கமான விடுதலைப் புலிகளின் அக்குற்றத்தை எந்த நியாயமும் கழுவாது. ஆயினும், நமது திருவள்ளூர் மாவட்டத்துப் பூந்தமல்லியிலிருந்த தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்ததை எண்ணும்போது, செர்பரஸின் தலைக்கவசம்தான் என் நினைவில் எழுகிறது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் ஒவ்வொருவர் பங்கையும் தனியே நிறுத்துப் பார்த்தது. நால்வருக்கு மரண தண்டனை, மூவருக்கு ஆயுள் தண்டனை, எஞ்சிய 19 பேருக்கோ, தங்கள் சிறு குற்றங்களுக்கான தண்டனையை முன்பே அனுபவித்துவிட்டார்கள் என்று விடுதலை. 26 என்றும் 4 என்றும் இரு எண்கள். சாட்சியம் ஒன்றே, நிறுத்த முறைதான் வேறு.

முகாமிலிருந்தவர்களுக்கு அவ்வாறு நிறுத்துப் பார்ப்பார் எவருமில்லை. எந்த இயக்கத்தையும் சேராத குடும்பங்களும் சந்தேகத்தின் நிழலில் விழுந்தன. ஆள் கணக்கெடுப்பும் தமிழகக் காவல்துறையின் க்யூ பிரிவுக் கண்காணிப்பும் வாழ்வின் பகுதியாயின. 1992 முதல் பல்லாயிரவர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். தடை செய்யப்பட்ட இயக்கத்தில் உறுப்பினராயிருப்பது மட்டுமே குற்றமாகாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்பையும், 2023 மார்ச்சில் அந்நீதிமன்றமே மாற்றிவிட்டது. அம்மாற்றம் பிழை என்பதே என் துணிபு.

1999-இல் மரண தண்டனை உறுதியான அந்த நால்வரில் ஒருவர் பேரறிவாளன். அவர்மீது பாரமாய் விழுந்தது, இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்ற வாக்குமூலம். அவை எதற்கென்று தமக்குத் தெரியாது என்று அவர் சொன்ன பகுதியைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாக, அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013-இல் வெளிப்படையாகக் கூறினார். அறிந்து செய்தானா என்ற அந்த ஒரே கேள்விக்குரிய விடை, ஏட்டில் ஏறவேயில்லை. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்ததும், ஆளுநர் தரப்பின் தாமதத்தைக் கருதித்தானேயன்றி அக்கேள்வியை மறுபடி விசாரித்தல்ல. கைதானபோது அவருக்கு வயது 19. வெளியே வந்தபோது 50.