அலுமினிய உப்பும் ஆதாரத்தின் எடையும்

தடுப்பூசிகளிற் சேர்க்கப்படும் அலுமினிய உப்புக்கள் குழந்தைகளுக்குக் கேடு விளைவிக்கின்றனவா என்ற வினாவிற்கு விடைகாண முயன்ற டென்மார்க் ஆய்வொன்று, 2025 யூலையில் 'அனல்ஸ் ஒஃப் இன்ரேர்னல் மெடிசின்' என்னும் சஞ்சிகையில் வெளியாயிற்று. அதனை மீளப்பெறுமாறு அமெரிக்கச் சுகாதாரச் செயலாளர் ரொபேட் கென்னடி கோரினார், சஞ்சிகை மறுத்தது. இவ்விவாதத்தில் இரு தரப்பினரதும் நியாயங்களை எடைபோடுதல் அவசியமாகும்.

1926இல் இங்கிலாந்தில் கிளெனியும் அவர்தம் குழுவினரும், தொண்டைக்கரப்பன் தடுப்பு மருந்தைப் படிகாரத்தாற் படிவித்துச் செலுத்தினால் நிர்ப்பீடனம் மிகுவதைக் கண்டனர். அன்றுதொட்டு இவ்வுப்புக்கள், குறைந்த மருந்தைக் கொண்டே போதிய பிறபொருளெதிரிகளை உண்டாக்க உதவுகின்றன. இவற்றை நீக்கினால் பல தடுப்பூசிகள் வலுவிழந்துபோகும்.

தாய்ப்பாலிலும் அலுமினியம் உண்டென்பது ஆதரவாளர் வழமையாகக் கூறும் சமாதானம். இஃது அரைகுறையான விடையே. உண்ணும் அலுமினியத்தில் நூற்றிலொரு பங்கிலும் குறைவே குருதியை அடைகின்றது. ஊசிவழிச் செல்வதோ நாளடைவிற் பெரும்பாலும் குருதியிற் சேர்கின்றது. ஆகவே, உடலில் தங்கும் அளவையே ஒப்பிடல் வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தினர் 2011இல் அவ்வாறே கணித்து, உப்பு மெல்லக் கரைந்து சிறுநீரகங்களால் வெளியேறுவதையும் கருத்திற்கொண்டு, முதலாண்டில் அவ்வளவு பாதுகாப்பெல்லைக்குட்பட்டதே எனக் காட்டினர்.

டென்மார்க் ஆய்வு, 1997 முதல் 2018 வரை பிறந்த பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை நோக்கியது. இரண்டு வயதிற்குள் பெற்ற அலுமினியம் கூடக்கூட, ஆஸ்துமா, ஓட்டிசம் உள்ளிட்ட ஐம்பது நோய்களுள் எதுவும் அதற்கேற்பக் கூடியதாகக் காணப்படவில்லை. தடுப்பூசியே பெறாதாருடன் ஒப்பிடவில்லை என்பது எதிர்த்தோர் கண்ட முதன்மைக் குறை. அத்தகையோர் அங்கு நூற்றுக்கு ஒருவர் அளவினரே. அவர்தம் குடும்பச் சூழலும் ஏனையோரினின்று வேறுபடலாம். எனவே அவ்வொப்பீடே மயக்கந் தருவதாகும். அலுமினியமே காரணமெனின், அதன் அளவு மிகுந்தோரிடம் நோயும் மிகுதல் வேண்டும். ஆய்வு சோதித்தது இதனையே.

எனினும், அரிய நோய்களிற் சிறு அதிகரிப்பை முற்றாக மறுக்க இவ்வாய்வாலும் இயலாது. ஆய்வாளரும் இதனை ஒப்புக்கொண்டுள்ளனர். ஊசியிட்ட இடத்தில் வீக்கமும் சிறுகட்டியும் தோன்றலாம் என்பதும் உண்மை. இவற்றை மறைத்து ஆதரிப்போர் பெற்றோரின் நம்பிக்கையை இழப்பர். ஆனால், அறியப்பட்ட இச்சிறு தொல்லைகளையும் நிறுவப்படாத ஐயங்களையும் காட்டித் தடுப்பூசியைக் கைவிடச் சொல்வோர், தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி ஆகியவற்றின் நிறுவப்பட்ட கொடுமையைக் கணக்கிலெடுப்பதில்லை. அக்கணக்கின் பிழைக்கு விலைகொடுப்பது குழந்தையே.