போதம், நினைவு, நனவு: எல்லை வழக்கு நோக்கில் ஒரு சொற்பொருள் மதிப்பீடு

முன்னுரை

ஆங்கிலத்தில் 'கான்சியஸ்னஸ்' எனப்படும் கருத்தைக் குறிக்கத் தமிழில் உணர்வு, நனவு, நினைவு, பிரக்ஞை, போதம், அறிவு, விழிப்புணர்வு ஆகிய சொற்கள் வழங்குகின்றன. ஒரு கருத்துக்கு ஒரு சொல்லே வேண்டும் என்னும் கலைச்சொல்லாக்க நெறியின்படி நோக்குவார்க்கு இப்பன்மை ஒரு குறையாகவே தோன்றும். அது குறைதானா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. திருவனந்தபுரம் – நாகர்கோவில் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையில் அமைந்த உதியன்குளங்கரை வட்டாரம் இதற்குரிய களமாகக் கொள்ளப்படுகிறது. தமிழும் மலையாளமும் நெருங்கிப் பழகும் இவ்வெல்லைப் பகுதியில் இச்சொற்களின் பொருள் எல்லைகள் தெளிவாகப் புலப்படுகின்றன.

1. மூலச்சொல்லின் நிலை

ஒரே சொல் வேண்டும் என்பார் மூலச்சொல்லுக்கு ஒரே பொருள் உண்டு எனக் கொள்கின்றனர். வரலாறு அவ்வாறில்லை. இலத்தீன் மொழியின் 'கான்சியென்சியா' என்னும் சொல்லிலிருந்து வந்த பிரெஞ்சுச் சொல் மனச்சாட்சி, நனவு ஆகிய இரண்டையும் குறிக்கும். ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக்கின் நூலை 1700-இல் பிரெஞ்சில் வெளியிட்ட பியர் கோஸ்ட், இவ்விரு பொருளையும் வேறுபடுத்திக் காட்டத் தம் மொழியின் சொல்லையே இடைக்கோடிட்டுப் பிரித்து எழுத நேர்ந்தது. தமிழில் 'மனச்சாட்சி' தனிச்சொல்லாக இருத்தலின் இவ்விடர்ப்பாடு எழவில்லை. எனவே ஒரு மொழியில் ஒரு சொல்லுள் அடங்குவது பிறிதொரு மொழியில் பலவாகப் பிரிதல் இயல்பே.

2. உணர்வு, நனவு, பிரக்ஞை

'உணர்' என்னும் வினை பண்டைய வழக்கில் அறிதலையும், 'துயிலுணர்தல்' என்னும் தொடரில் விழித்தலையும் குறித்தது. இன்று 'உணர்வு' பெரிதும் உள்ளக் கிளர்ச்சியின் பக்கம் சாய்ந்துள்ளது. மொழியுணர்வு, வர்க்க உணர்வு முதலிய தொகைகளில் மட்டும் கூட்டு விழிப்பு என்னும் பொருள் நிலைத்துள்ளது. இச்சொல்லைத் தனியே நிறுத்தினால் பொருள் மயக்கம் தவிர்க்க இயலாதது.

'நனவு' கனவுக்கு எதிர்ச்சொல். திருக்குறளின் கனவுநிலை உரைத்தல் அதிகாரத்தில் இவ்வெதிர்நிலை தெளிவாக அமைந்துள்ளது. உளவியல் துறையினர் நனவிலி என்றும், இலக்கியத் திறனாய்வாளர் நனவோடை என்றும் இதனை விரித்தனர். ஆயினும் நோயாளி ஒருவரின் நிலையைச் சொல்ல மக்கள் இச்சொல்லை நாடுவதில்லை.

'பிரக்ஞை' 1970களில் ஒரு சிற்றிதழின் பெயராகும் அளவிற்குத் திறனாய்வுலகில் செல்வாக்குப் பெற்றது. 'பிரக்ஞைபூர்வமாக' என்னும் வழக்கு இன்றும் உண்டு. வடமொழி மரபில் இதன் முதன்மைப் பொருள் மெய்யறிவு என்பதும், தமிழ்த் திறனாய்வு அதனைத் தன்னறிந்த நிலை என்னும் பொருளுக்கு நகர்த்தியது என்பதும் நோக்கத்தக்கன.

3. நினைவும் போதமும்

1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தென் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தமிழர் இயக்கத்தார் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆட்சி எல்லை பிரிந்ததேயன்றிச் சொற்கள் பிரியவில்லை. 'போதம்', 'ஓர்மை' ஆகிய சொற்கள் குமரி மாவட்டத் தமிழிலும் வழங்குகின்றன.

பொதுத்தமிழில் 'நினைவு வந்தது' என்னும் தொடர் மறந்தது தோன்றியதையும் மயக்கம் தெளிந்ததையும் குறிக்கும். இம்மயக்கத்தை நீக்கவே 'சுயநினைவு' என்னும் கூட்டுச்சொல் உதவுகிறது. எல்லை வழக்கிலோ இரண்டும் தனித்தனிச் சொற்கள். 'ஓர்மையில்லை' என்றால் மறதி; 'போதமில்லை' என்றால் மயக்கம்.

மலையாளத்தில் 'போதம்' மேலும் கிளைக்கிறது. போதக்கேடு மயக்கம், சுவபோதம் தெளிந்த மனநிலை, போதபூர்வம் அறிந்தே செய்தல், போதவல்கரணம் விழிப்புணர்வூட்டல். வடமொழி 'புத்' என்னும் வேர் விழித்தல், அறிதல் ஆகிய இரண்டையும் குறிப்பது. தமிழ் 'உணர்' என்பதற்கும் இவ்விரு பொருளும் இருந்தமை மேலே காட்டப்பட்டது. எனவே போதம் என்னும் சொல் புதியதாயினும் அதன் பொருளமைப்பு தமிழுக்குப் புதியதன்று. சிவஞானபோதம் என்னும் நூற்பெயரும், 'தற்போதம்' என்னும் சைவ சித்தாந்தக் கலைச்சொல்லும் இதனைத் தமிழ் மரபிலும் நிலைநிறுத்தியுள்ளன.

4. அறிவு

உதியன்குளங்கரை அமைந்த இதே நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள அருவிப்புறத்தில் 1888-இல் சிவலிங்கத்தை நிறுவியவர் நாராயண குரு. தமிழ்ச் சைவ நூல்களைக் கற்று, தமிழிலும் பாடிய அவர், ஆத்மோபதேச சதகத்தின் தொடக்கத்திலேயே 'அறிவு' என்னும் திராவிடச் சொல்லைக் கையாண்டார். அச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு தனியொரு பாடலும் இயற்றினார். 'சித்து', 'சைதன்யம்' ஆகிய வடசொற்களை அறிந்திருந்தும் அன்றாடச் சொல்லை மெய்யியல் ஆழத்திற்கு உயர்த்தியமை சிந்திக்கத்தக்கது. ஒரு சொல்லின் தகுதி அது நிற்கும் சூழலால் அமைகிறது என்பதற்கு இது சிறந்த சான்று.

முடிவுரை

இவ்வாய்வு வெறும் அகராதிச் சிக்கல் பற்றியதன்று. கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் தொடர்புகொள்ள வழிசெய்கிறது. மருத்துவமனைப் படிவம் ஒன்றில் 'நினைவில்லை' என எழுதினால் அது மறதி எனக் கொள்ளப்படலாம். 'போதமில்லை' என்பதைச் சென்னைத் தமிழர் 'போதையில்லை' எனச் செவிமடுத்தால் பொருளே தலைகீழாகும். மயங்கிக் கிடப்பவர் தெளிவாக இருப்பவராகிவிடுவார்.

எனவே ஒரே சொல் என்னும் நெறியைக் கைவிட்டு, சூழலுக்கேற்ற பங்கீட்டை ஏற்பதே பொருந்தும். மருத்துவத்தில் சுயநினைவு, எல்லை வட்டாரங்களில் அதனுடன் போதம், உளவியலில் நனவு, சமூகவியலில் உணர்வு, விழிப்புணர்வு, திறனாய்வில் பிரக்ஞை, மெய்யியலில் அறிவு எனக் கொள்ளலாம். கலைச்சொற் பட்டியல்கள் வட்டார வழக்கை இழிவழக்கென ஒதுக்காது பதிவு செய்தல் வேண்டும். பொதுத்தமிழ் ஒரு சொல்லுள் கலந்து வைத்திருப்பதை உதியன்குளங்கரைப் பேச்சு இரு சொற்களால் பிரித்துக் காட்டுகிறது. அப்பிரிவு தமிழுக்கும் உரியதே.